பதிவுக்கு முந்தின நாள்



ஆர்.கே.புரத்து அரசாங்கக் குடியிருப்புகளில் வாழும் நம்மவருக்கு ஓய்வுபெறும் நாள் இரண்டு பிரிவுகளை ஒருசேரக் கொண்டுவருகிறது. அலுவலகத்தை விட்டும் பிரிகிறோம், வீட்டை விட்டும் பிரிகிறோம். பிள்ளைகள் அங்கேதான் வளர்ந்தார்கள். தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிக்கு அங்கிருந்துதான் நடந்து போனார்கள். தமிழ்ச் சங்கத்து விழா முடிந்து இரவில் அங்கேதான் திரும்பிவந்தோம். ஆயினும் அந்த இரண்டு அறைகளும் நம் பதவிக்குக் கொடுக்கப்பட்டவை, நமக்குக் கொடுக்கப்பட்டவையல்ல. விதி அனுமதிக்கும் சில மாதங்கள் கடந்தபின் அங்கே தங்கினால் வழக்கமான உரிமக் கட்டணத்தைப்போலப் பல மடங்கு இழப்பீட்டு வாடகை விதிக்கப்படும். வீட்டை ஒப்படைத்து, பாக்கி ஏதுமில்லை என்ற சான்று கிடைக்கும்வரை பணிக்கொடையில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்படுவதும் உண்டு. ஆகையால் நம்மில் அநேகர் வாழ்நாளின் முதல் வீட்டை அறுபதாவது வயதில், நாட்களை எண்ணிக்கொண்டு, அவசரமாய் வாங்குகிறோம்.

அப்படி வாங்குகையில், எல்லாம் முடிந்தது என்று எண்ணியிருக்கும் கடைசி வேளையில், பத்திரப் பதிவுக்கு முந்தின நாளில் வந்து நிற்கும் தடையைக் குறித்தே இம்மாதம் எழுத விரும்புகிறேன். இது எங்கள் குடும்பத்துக்கே நேரிட்டது.

2014ஆம் ஆண்டின் தொடக்கம். துவாரகாவில் டி.டி.ஏ. கட்டின பழைய வீடு ஒன்றை விலை பேசி, டில்லியில் 'பயானா' என்று சொல்லப்படுகிற முன்பணத்தைக் கொடுத்து, கிரய ஒப்பந்தமும் எழுதியிருந்தோம். வங்கிக் கடன் அனுமதியாகியிருந்தது. வியாழக்கிழமை பதிவு. பாத்திரங்களைக்கூட மூட்டை கட்டிவிட்டோம். புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு விற்பவர் தொலைபேசியில் அழைத்தார். வீடு அவருடைய காலஞ்சென்ற தகப்பனாரின் பெயரில் இருந்தது. வாரிசுகள் அவரும் கனடாவில் வாழும் சகோதரியும். சகோதரி அனுப்பவேண்டிய அதிகாரப் பத்திரம் இன்னும் வரவில்லை என்றார். அந்தக் காகிதம் வந்தால்தான் கடன் தொகை விடுவிக்கப்படும் என்று வங்கியின் வழக்கறிஞர் முன்னமே எழுதியிருந்தார். மூன்று மாதமாக நாங்கள் கேட்கும்போதெல்லாம் "வந்துகொண்டிருக்கிறது" என்ற பதிலே கிடைத்தது. நாங்களும் அதை நம்பினோம். ஒருமுறையாவது காகிதத்தைக் கண்ணால் காண்பியுங்கள் என்று கேட்கவில்லை. அது எங்கள் குற்றமே.

அன்றிரவே வீட்டுத் தரகர் ஒரு வழி சொன்னார். "சார், உங்கள் சேமிப்புப் பணத்தை நாளைக்கே கொடுத்துவிடுங்கள். சகோதரர் உங்கள் பெயருக்கு ஜி.பி.ஏ. எழுதித் தருவார். சாவியை வாங்கிக்கொண்டு குடியேறுங்கள். பதிவைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். டில்லியில் பாதி வீடுகள் இப்படித்தான் கைமாறியிருக்கின்றன."

அவர் சொன்னதில் கடைசி வாக்கியம் பெரும்பாலும் உண்மைதான். நான் மனதில் சாய்ந்துவிட்டேன் என்பதை மறைக்கமாட்டேன். என் மனைவிதான் கேட்டார்: "அந்த அம்மா கடைசியில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டால் நாம் யாரிடம் போவோம்?" அதற்கு என்னிடம் விடையில்லை. சபையில் வழக்கறிஞராயிருக்கும் சகோதரர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "பிரதர், இப்போது உங்களுக்கு இருப்பது தாமதம் மாத்திரமே. பணத்தைக் கொடுத்துவிட்டால் அது வழக்காகிவிடும். தூங்கப் போங்கள்."

அந்த ஜி.பி.ஏ. வழி ஏன் வழியல்ல என்பதை ஒவ்வொரு டில்லித் தமிழரும் அறிந்திருக்கவேண்டும். பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதி, கிரயப் பத்திரம் இல்லாமலேயே வீட்டைக் கைமாற்றும் வழக்கம் இந்நகரில் பல்லாண்டுகளாக வேரூன்றியிருந்தது. குத்தகை நிலத்தின் கட்டுப்பாடுகளும் முத்திரைக் கட்டணத்தைத் தவிர்க்கும் ஆசையும் அதற்கு உரமிட்டன. 2011 அக்டோபர் 11 அன்று சூரஜ் லாம்ப் என்ற நிறுவனம் ஹரியானா அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவான விடை கொடுத்தது. இந்த மூன்று காகிதங்களாலும் உரிமை மாறுவதில்லை. பதிவுசெய்த கிரயப் பத்திரத்தால் மட்டுமே அசையாச் சொத்தின் உரிமை சட்டப்படி மாறும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும், விற்பனை ஒப்பந்தம் தன்னில்தானே சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்குவதில்லை என்று முன்பே சொல்லியிருந்தது. அங்கீகாரமற்ற 1,731 காலனிகளில் இவ்வகைக் காகிதங்களோடு குடியிருந்தவர்களுக்கு உரிமை வழங்க 2019இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. அந்தச் சலுகை அந்தக் காலனிகளுக்கு உரியது, துவாரகாவில் டி.டி.ஏ. வீடு வாங்குகிற உங்களுக்கும் எனக்கும் அது துணைவராது.

சரி, பணத்தைக் கொடுக்கவேண்டாம். அப்படியானால் சும்மா காத்திருந்தால் போதுமா? போதாது. இவ்விடத்தில்தான் நம்மவர் எதிர்ப்பக்கமாய்த் தவறுகிறார்கள். இரண்டு வழக்குகளைச் சொல்லுகிறேன், கவனியுங்கள்.

முதலாவது சந்த் ராணி, கமல் ராணி என்ற இருவருக்கு இடையிலானது. 1971ஆம் ஆண்டு ஒப்பந்தம். முன்பணம் போக, 98,000 ரூபாயைப் பத்து நாட்களுக்குள் மட்டும் கொடுக்கவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. வருமான வரிச் சான்று, வீட்டை ஒப்படைப்பது முதலிய காரியங்களைப் பற்றி வாதம் எழுந்தது. வாங்குபவர் குறித்த நாட்களுக்குள் அந்தத் தொகையைக் கொடுக்கவில்லை. வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டு, 1992 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. பொதுவாக வீடு, நிலம் பற்றிய ஒப்பந்தங்களில் காலக்கெடு உயிர்நாடியாகக் கருதப்படுவதில்லை. ஆனால் ஒப்பந்தத்தின் சொற்கள் அதை உயிர்நாடியாக்கினால் அதற்குக் கட்டுப்படத்தான் வேண்டும் என்றது நீதிமன்றம். வாங்குபவருக்கு வீடு கிடைக்கவில்லை. அந்த வருமான வரிச் சான்று முறையே 2001இல் நீக்கப்பட்டுவிட்டது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இரண்டாவது நம்முடைய மதுரையில் நடந்தது. வித்யாநாதம், வைரவன் என்பவர்களுக்கு இடையிலான வழக்கு. 1978 டிசம்பரில் ஒரு வீட்டை 60,000 ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம், முன்பணம் 5,000, காலக்கெடு ஆறு மாதம். வீட்டில் குடியிருந்தவரை விற்பவர் காலிசெய்துகொடுக்கவில்லை என்பது வாங்கவந்தவரின் வாதம். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அவர் ஒரு கடிதம்கூட எழுதாமல் இரண்டரை ஆண்டு மௌனமாயிருந்தார். அதற்குள் விலை ஏறிவிட்டது. 1997இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு வீட்டைக் கொடுக்க மறுத்தது. வழக்குத் தொடுக்கச் சட்டம் மூன்று ஆண்டு தருகிறதென்பதால் மூன்று ஆண்டும் உறங்கலாம் என்று பொருளல்ல என்பதை அந்தத் தீர்ப்பு உணர்த்தியது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டு, ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தருவதில் நீதிமன்றத்தின் விருப்புரிமை வெகுவாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் நான் ஆயத்தமாயிருந்தேன், மனப்பூர்வமாயிருந்தேன் என்று வாங்குபவர் மெய்ப்பிக்கவேண்டும் என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது.

ஆகவே தடை வந்த மறுநாள் காலை நாங்கள் செய்த முதற்காரியம், முத்திரைத்தாளில் ஒரு துணை ஒப்பந்தம் எழுதியதே. தாமதம் யாரால், எதனால் நேர்ந்தது, சகோதரியின் பத்திரம் எந்தத் தேதிக்குள் வரவேண்டும், பதிவுக்குரிய புதிய கடைசி நாள் எது, விலை மாறாது, அதற்குள் முடியாவிட்டால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பவேண்டும். இவ்வளவையும் ஒன்றரைப் பக்கத்தில் எழுதி, இருவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டோம். விற்பவர் முதலில், "எங்களை நம்பமாட்டீர்களா?" என்று வருந்தினார். நல்ல மனிதர்தான். நம்பிக்கையை மறுக்காமலே காகிதத்தைக் கேட்கலாம் என்பதை அன்று கற்றேன். வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல், கடன் அனுமதிக் கடிதம், நாங்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்தோம். விற்பவர் வராமலே போகிற நிலை உங்களுக்கு நேரிட்டால், குறித்த நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நீங்கள் மட்டுமாவது சென்று, வந்ததற்கு ஏதேனும் எழுத்து அடையாளத்தைப் பெற்று, அன்றே பதிவுத் தபாலில் ஒரு கடிதமும் அனுப்பிவிடுங்கள்.

பிறகு காத்திருந்தோம், பதினோரு வாரம். வெளிநாட்டில் எழுதப்படும் அதிகாரப் பத்திரத்தை இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் செய்விப்பதே வழக்கம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்தப்படவேண்டும் என்கிறது 1899ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டம். அது முடிந்தவுடன் அடுத்த தடை வந்தது. ஐம்பது லட்சமோ அதற்கு மேலோ விலையுள்ள வீட்டை வாங்குகிறவர் விற்பவருக்குரிய பணத்தில் ஒரு சதவீதத்தை வரியாகப் பிடித்துச் செலுத்தவேண்டும் என்ற விதி 2013 ஜூன் முதல் வந்ததை அறிவீர்கள். ஆனால் விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவராக இருந்தால் அவருடைய பங்குக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பிடிக்கவேண்டிய வரி மிக அதிகம். அதற்கென்று நாங்கள் தனி எண் ஒன்றைப் பெறவேண்டியிருந்தது. இதை முதல் நாளிலேயே யாராவது சொல்லியிருந்தால் மூன்று வாரம் மிச்சமாயிருக்கும். உங்களுக்கு விற்கிறவர்களில் ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிறாரா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அரசு வீட்டின் கெடு முடிந்தது. முனிர்க்காவில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். கட்டிலை நண்பர் வீட்டு மாடியில் போட்டோம். அறுபது வயதில் அது இலேசான காரியமல்ல. ஆயினும் அந்த வாடகை எங்கள் சேமிப்பில் ஒரு சிறுபகுதி. தரகர் கேட்டதோ சேமிப்பு முழுவதும்.

இக்காலத்தில் ஒரு சகோதரி அன்பினால் என் மனைவியிடம், "இத்தனை தடை வருகிறதே, ஒருவேளை இந்த வீடு உங்களுக்குச் சித்தமில்லையோ?" என்று கேட்டார். நம் வீடுகளில் இந்தக் கேள்வி எழாமலிராது. நான் அதை அலட்சியம் செய்யவில்லை. ஆனால் ஒரு வாரிசின் கையெழுத்து வரவில்லையென்றால் அந்தக் கையெழுத்தைப் பெறவேண்டும். அதற்கு வேறு அர்த்தம் தேடவேண்டியதில்லை என்பது என் எண்ணம். எரேமியா தீர்க்கதரிசி ஆனதோத்தில் இருந்த நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கியபோது எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்தது. அவரோ காவலில் வைக்கப்பட்டிருந்தார். அதைவிடப் பெரிய தடை யாருக்கு வரும்? அப்போதும் அவர் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார், சாட்சிகளை வைத்தார், முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று என இரண்டையும் பாருக்கின் கையில் கொடுத்து மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொன்னார். காகித வேலையில் அவர் ஒன்றையும் குறைக்கவில்லை.

இன்னும் சில தடைகளைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன். விற்பவரான முதியவர் பதிவுக்கு முந்தின நாள் நோயில் விழுந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதறவேண்டாம். உடல்நலக் குறைவால் அலுவலகத்துக்கு வர இயலாதவரின் இருப்பிடத்துக்கே பதிவு அதிகாரி வந்து பதிவுசெய்ய 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டவேண்டும். கிரயப் பத்திரத்தில் கையெழுத்தான பின் பதிவு தள்ளிப்போனால் அதைத் தாக்கல் செய்ய நான்கு மாதம் இருக்கிறது. தவிர்க்கமுடியாத காரணமிருந்தால் அபராதத்தோடு மேலும் நான்கு மாதம் கேட்கலாம். சார்பதிவாளர் பதிவு செய்ய மறுத்தால் வாய்ச்சொல்லோடு திரும்பிவிடாதீர்கள். மறுப்புக்கான காரணத்தை அவர் எழுத்தில் பதியவேண்டும். நீங்கள் கேட்டால் அதன் நகலைக் கட்டணமின்றித் தரவேண்டும். முப்பது நாட்களுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். எழுத்தில் கொடுங்கள் என்று பணிவோடு கேட்டவுடனேயே சில தடைகள் மறைந்துபோவதையும் கண்டிருக்கிறேன்.

மின்முத்திரைத்தாளை எல்லாருடைய கையெழுத்தும் உறுதியாகும்வரை வாங்காதிருப்பது நல்லது. அதில் வாங்குபவர், விற்பவர் பெயர்கள் அச்சாகிவிடும். டில்லியில் பெண்கள் பெயரில் வாங்கினால் முத்திரைக் கட்டணம் இரண்டு சதவீதம் குறைவு என்று கடைசி நேரத்தில் கேள்விப்பட்டு, மனைவியின் பெயருக்கு மாற்ற ஓடுகிறவர்கள் உண்டு. அப்போது தாளும் வீண், வங்கியின் ஆவணங்களும் புதிதாக எழுதப்படவேண்டும். பயன்படாத முத்திரைத்தாளுக்குரிய பணத்தை ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்து, ரூபாய்க்குப் பத்துப் பைசா கழிவு போகத் திரும்பப் பெறலாம். ஆனால் அதற்கு அலையவேண்டும்.

விற்பவர் அந்த வீட்டின்மேல் கடன் வாங்கியிருந்தால் மூலப் பத்திரங்கள் அவருடைய வங்கியில் இருக்கும். கடன் முழுவதும் அடைந்த முப்பது நாட்களுக்குள் அவற்றைத் திருப்பித் தரவேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கொடுக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் ஆணையிட்டது. அவ்வாண்டு டிசம்பர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இந்த ஆணையின் நகலோடு விற்பவரை அவருடைய வங்கிக்கு அனுப்புங்கள். உங்கள் பக்கத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். பதிவு தள்ளிப்போய், கடன் தொகைக்கான காசோலை வங்கியிலேயே கிடக்கும் நாட்களுக்கும் சில கடன் நிறுவனங்கள் வட்டி எழுதிவந்தன. இது முறையல்ல என்று 2024 ஏப்ரல் 29 அன்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தி, அப்படி வாங்கிய மிகை வட்டியைத் திருப்பித் தரவும் சொன்னது. உங்கள் கணக்கறிக்கையில் வட்டி தொடங்கின தேதியைப் பாருங்கள்.

யமுனைக்கு அக்கரையில் நொய்டாவிலும் பெரிய நொய்டாவிலும் புது அடுக்குமாடி வீடு வாங்கியவர்களின் துயரம் வேறு வகையானது. முழுப் பணமும் கொடுத்து, சாவியும் பெற்று, ஆண்டுக்கணக்கில் குடியிருந்தும், கட்டுநர்கள் நிலத்துக்குரிய பாக்கியை அதிகார ஆணையத்துக்குச் செலுத்தாததால் ஆயிரக்கணக்கானோருக்குப் பதிவு கிடைக்காமல் இருந்தது. 2023இல் அமிதாப் காந்த் தலைமையிலான குழு, கட்டுநரின் பாக்கிக்காகக் குடியிருப்பவரின் பதிவை நிறுத்திவைக்கக்கூடாது என்ற திசையில் பரிந்துரைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் உத்தரப் பிரதேச அரசு பரிந்துரைகளை ஏற்றபின், 2024 முதல் பலருக்குப் பதிவு நடந்தது, எல்லாருக்கும் அல்ல. இத்தகைய வீட்டை வாங்குமுன் குடியேற்றத் தகுதிச் சான்று வந்துவிட்டதா, நிலப் பாக்கி உண்டா என்று அந்த ஆணையத்திலேயே விசாரியுங்கள். விற்பனை அலுவலகத்தில் கேட்டது போதாது. கட்டப்பட்டுவரும் வீடாயிருந்தால், பதிவுசெய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக்கூடாது என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பத்து சதவீதத்தோடு நின்றுகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

எங்கள் பதிவு அந்த ஆண்டு ஒரு திங்கட்கிழமை நடந்தது. புகைப்படம் எடுத்து, விரல் ரேகை பதிய ஐந்து நிமிடமும் ஆகவில்லை. சகோதரியின் பெயரால் அவருடைய தம்பி கையெழுத்திட்டபின், என் மனைவி பத்திரத்தை வாங்கி, முதல் பக்கத்தை அல்ல, கையெழுத்துகள் இருந்த பக்கத்தையே எடுத்து மெதுவாக எண்ணிப் பார்த்தார். வெளியே தரகர் இனிப்புப் பெட்டியோடு நின்றிருந்தார். பதினோரு வாரத்துக்கு முன் அவர் சொன்ன வழியை அவரும் நினைவுபடுத்தவில்லை, நாங்களும் நினைவுபடுத்தவில்லை.

இம்மாதத்தில் பதிவுக்கு நாள் குறித்திருக்கும் வாசகரே, இதைப் படித்து முடித்தவுடன் விற்பவருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். மூலப் பத்திரம் இப்போது யார் கையில் இருக்கிறது, கையெழுத்திடவேண்டியவர்கள் எத்தனை பேர், அவர்களில் எவரேனும் ஊரில் இல்லையா என்று கேளுங்கள். "வந்துகொண்டிருக்கிறது" என்று சொன்னால், நாளைக்கு நேரில் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள்.